அடிவயிற்று வலியும் சினைப்பைக் கட்டியும்

பெண்களின் அடிவயிற்று வலியைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது நம் இல்லங்களில் வழக்கமில்லை. "மாதவிலக்கு வலிதானே, பொறுத்துக்கொள்" என்று தாய் கூற, மகளும் பொறுத்துக்கொள்கிறாள். ஆனால் சில வலிகள் பொறுத்திருக்கத் தக்கவை அல்ல. அவற்றை இனங்கண்டுகொள்வது குடும்பத்தார் அனைவரின் கடமையாகும்.

கருப்பையின் இருபுறமும் பாதாம் பருப்பின் வடிவில் அமைந்தவை சினைப்பைகள். மாதந்தோறும் அவற்றுள் ஒன்றில் நீர் நிறைந்த சிறு பை ஒன்று ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அளவு வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியிடுகிறது. அப்பை வெடிக்காமல் பெருத்தாலும், வெடித்தபின் மூடிக்கொண்டு அதில் நீர் சேர்ந்தாலும் நீர்க்கட்டி உண்டாகிறது. இத்தகைய கட்டிகளுள் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதங்களில் தாமாகவே மறைந்துவிடும். ஆகவே, கட்டி என்றதும் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

அப்படியாயின் வலி எதனால்? கட்டி பெருக்கும்போது சினைப்பையின் உறை இழுபடுகிறது. அருகிலுள்ள சிறுநீர்ப்பையும் குடலும் அழுத்தப்படுகின்றன. இதனால் வருவது மந்தமான வலி. சில வேளைகளில் கட்டி வெடித்து, அதிலுள்ள நீரோ குருதியோ வயிற்றின் உட்சவ்வில் பட்டு உறுத்துகிறது. அப்போது குத்துவது போன்ற வலி எழும். மூன்றாவது காரணமே கொடியது. கனத்த கட்டி சினைப்பையை அதன் காம்போடு முறுக்கிவிட, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. திடீரென ஒரு பக்கத்தில் கடும் வலியும் வாந்தியும் தோன்றும். வலி இடையிடையே தணிந்தாலும் ஏமாந்துவிடலாகாது. சில மணி நேரத் தாமதமும் சினைப்பையை இழக்கச் செய்யக்கூடும்.

இக்கட்டிகளுக்கான அறுவை மருத்துவம் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. 1809 டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஜேன் கிராபோர்டு என்னும் தாயின் வயிறு பெருத்திருந்தது. கர்ப்பம் என்றே கருதப்பட்ட அது சினைப்பைக் கட்டி என்று கண்டறிந்தார் மருத்துவர் எஃப்ரெயிம் மெக்டவல். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுள்ள அக்கட்டியை அவர் அறுத்து அகற்றினார். அவ்வம்மையார் அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்றோ ஸ்கேன் மூலம் கட்டியை எளிதில் காணலாம். சிறு துளைகள் வழியாகவே அகற்றவும் இயலும். எனவே அன்னையரே, திடீர் வலியோடு வாந்தி, மயக்கம், காய்ச்சல் ஆகியவற்றுள் எது சேர்ந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாதவிலக்கு நின்றபின் தோன்றும் கட்டியையும் மருத்துவரிடம் தவறாமல் காட்டுங்கள். மகள் வலி என்று சொன்னால், எங்கே, எப்போது தொடங்கியது என்று கேளுங்கள்.