கூரைக்கும் வயதுண்டு

1958 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் சிக்காகோ நகரில், வானதூதர்களின் அன்னை பங்குப் பள்ளியில் பிற்பகல் வகுப்பு முடியச் சிறிது நேரமே இருந்தது. கீழ்த்தளப் படிக்கட்டருகே மூண்ட தீ மரப்படிகளைப் பற்றி மேலேறி, மாடி வகுப்புகளின் வழியை அடைத்தது. 92 குழந்தைகளும் 3 கன்னியரும் மாண்டனர். இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த தீப்பாதுகாப்பு ஆய்வில் அக்கட்டடம் தேறியிருந்தது! 1949 இல் வந்த கடுமையான விதிகள் புதிய கட்டடங்களுக்கே பொருந்தின, பழையவற்றிற்கு விலக்கு. சட்டப்படி குறையில்லாத கட்டடத்திலேதான் அத்தனை உயிர்களும் போயின.

நம் நாட்டிலும் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், கூரைவேய்ந்த வகுப்பறையில் 94 பிஞ்சுகள் கருகியதை மறந்தோமில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளியொன்றில் கழிப்பறைச் சுவர் சரிந்து மாணவர் மூவர் இறந்தனர்.

நம் மறைமாவட்டங்களில் நூறாண்டு கண்ட பள்ளிகள் பலவுண்டு. உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகின்றது. கட்டடச் சுமையோ பெரும்பாலும் நிர்வாகத்தின் தோள்மீதே. நாம் என்ன செய்கின்றோம்? புதிய மாடிக்கு அடிக்கல் நாட்ட ஆயர் பெருமகனாரை அழைக்கின்றோம். பந்தலிட்டு நன்கொடை திரட்டுகின்றோம். பழைய தளத்தின் மழைநீர்க் குழாயை அடைத்த சருகை அள்ளுவதற்கு யார் விழா எடுப்பார்? அச்சருகினால் தேங்கும் நீர் கான்கிரீட்டினுள் கசிகின்றது. உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருக்கின்றது. ஒருநாள் மேற்பூச்சு பெயர்ந்து பலகையில் அமர்ந்த குழந்தையின் தலைமேல் விழுகின்றது. ஓட்டுக்கூரையாயின் கைமரத்தைக் கறையான் அரிப்பது வெளியே தெரிவதில்லை.

புதிய வகுப்பறைகள் தேவைதானா என்பதையும் எண்ணிப் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகளே. பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினாலே, ஐந்தாண்டுக்குப் பின் நம் வாசலில் நிற்கப்போகும் கத்தோலிக்கக் குழந்தைகளின் தொகை தெரிந்துவிடும். (பிற சமயத்தாரின் பிள்ளைகளை ஊராட்சியில் கேட்டறியலாம்.) ஆளில்லா வகுப்பறை கட்டும் பணத்தில் ஓராயிரம் ஓடுகளை மாற்றலாமே!

நாம் வேண்டுவது ஆடம்பரத் திட்டமன்று. ஒவ்வொரு கட்டடத்திற்கும் ஒரு பதிவேடு: கட்டிய ஆண்டு, கூரையின் வகை, செய்த பழுது, அடுத்துச் செய்ய வேண்டிய ஆண்டு. ஆண்டுதோறும் மே மாதம் பொறியாளர் ஒருவர் தளமேறிப் பார்த்து அதில் எழுதட்டும். பழுதுக்கென ஆண்டுதோறும் ஒரு தொகை தனிக்கணக்கில் சேரட்டும். நகரப் பள்ளியின் மிச்சத்தில் ஒரு பங்கு, வழியற்ற சிற்றூர்ப் பள்ளிக்குப் போகட்டும். இதற்கு முணுமுணுப்பு எழும், எழட்டும்.

பங்குத்தந்தையரும் தலைமையாசிரியைக் கன்னியரும் சில ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்வது நம் வழக்கம். எந்தச் சுவர் எப்போது விரிந்தது என்பது அவர்களோடே போய்விடுகின்றது. ஆகவே இனி, சாவிக்கொத்தோடு அப்பதிவேட்டையும் ஒப்படைத்து இருவரும் கையொப்பமிடுமாறு ஆயரகம் ஆணையிட வேண்டுகிறோம்.