சிறுநீர்ப்பை அகற்றும் ஆபரேஷன்: ரோபோவா, ஓபனா? செலவு எதில் அதிகம்? முழு விளக்கம்

"ரோபோவில் பண்ணினா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா செலவு கூடும்." டாக்டர் இப்படிச் சொன்னால் என்ன முடிவெடுப்பது? கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

எதற்காக இந்த ஆபரேஷன்?

புற்றுநோய் சிறுநீர்ப்பையின் தசை வரை பரவினால், பையையே எடுக்க வேண்டி வரலாம். பிறகு சிறுகுடலில் ஒரு பகுதியை வைத்து சிறுநீர் வெளியேற வழி அமைப்பார்கள். ஓபன் முறையில் வயிற்றில் நீளமாகக் கீறுவார்கள். ரோபோ முறையில் சிறு துளைகள்தான். ரோபோ தானாக எதையும் செய்யாது. டாக்டர்தான் அதை இயக்குகிறார்.

ரோபோவில் ஏன் செலவு அதிகம்?

மெஷின் விலை, ஆண்டு பராமரிப்பு, குறிப்பிட்ட தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாத கருவிகள் என எல்லாமே பில்லில் வந்து சேரும். ஆபரேஷன் நேரமும் கூடுதல்.

பிரிட்டன் ஆய்வு சொல்வது என்ன?

பிரிட்டனில் 9 மருத்துவமனைகளில் நடந்த 'ஐராக்' ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. இதில் 90 நாட்களில் நோயாளிகள் வீட்டில் இருந்த நாட்கள்: ரோபோ 82, ஓபன் 80.

வித்தியாசம் வெறும் 2 நாள்தானா? இன்னொரு கணக்கும் இருக்கு. காயம் தொடர்பான சிக்கல் ஓபனில் 16%, ரோபோவில் 5.6%. ரத்தம் உறையும் சிக்கல் ஓபனில் 8.3%, ரோபோவில் 1.9%.

சரி, செலவு? 2023-ல் வந்த கணக்குப்படி, ரோபோவில் ஒருவருக்கு சராசரியாக 1,124 பவுண்டு கூடுதல். ஐசியூ தேவையும், திரும்ப அட்மிட் ஆவதும் குறைந்ததால் கொஞ்சம் மிச்சமானது. ஆனாலும் ஆபரேஷன் தியேட்டர் செலவை அது முழுசா ஈடுகட்டவில்லை.

முழு ஆரோக்கியத்தோடு ஓராண்டு வாழ்வைக் கூடுதலாகப் பெற ஆகும் செலவாக இதை மாற்றினால், சுமார் 1 லட்சம் பவுண்டு வருகிறது. அந்தக் கணக்கு வந்த சமயத்தில் பிரிட்டன் அரசு வழக்கமாக ஏற்ற வரம்பு 20,000 முதல் 30,000 பவுண்டுதான்.

புற்றுநோய் கட்டுப்பாட்டில் வித்தியாசம் உண்டா?

பெரிதாக இல்லை. அமெரிக்காவின் 'ரேஸர்' ஆய்வில், 2 ஆண்டுகள் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ரோபோவில் 72.3%, ஓபனில் 71.6%.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் ரோபோ சர்ஜரியையும் காப்பீட்டில் சேர்க்கச் சொன்னது. ஆனால் நிறுவனங்கள் உச்சவரம்பு வைக்கலாம். உங்கள் பாலிசியில் அந்த வரம்பு எவ்வளவு என்று முதலில் பாருங்க.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கீங்க?
* ரோபோ கட்டணம் பேக்கேஜுக்குள் வருமா, தனியா?
* ஐசியூ, திரும்ப அட்மிஷன் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்?

ரோபோவுக்குப் பணம் புரட்டணும் என்று மாதக்கணக்கில் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து. அனுபவமுள்ள டாக்டர் செய்யும் ஓபன் ஆபரேஷன் எந்த விதத்திலும் இரண்டாம் தர சிகிச்சை அல்ல.