கிறிஸ்துமஸ் கீதமும் தமிழ்ப் பண்ணும்

மார்கழி பிறந்து பத்தாம் நாளை ஒட்டிக் கிறிஸ்துமஸ் வந்துவிடுகிறது. வைகறையில் திருப்பாவை பாடிச் சென்ற பஜனை கோஷ்டியின் ஜால்ராச் சப்தம் ஓய்ந்த அதே வீதியில், இரவானதும் கீத பவனி புறப்படுகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் ஆகிய இரு திறத்தாரும் வாழ்கின்றனர். 1853-இல் ஸ்கட்டர் சகோதரர்கள் ஸ்தாபித்த அமெரிக்க ஆற்காடு மிஷன் பின்னர்த் திண்டிவனத்திலும் ஒரு நிலையம் கண்டது. 1890-இல் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்ட செய்தி ஐடா ஸ்கட்டரின் மனத்தை மாற்றி, அவரை வைத்தியத் தொழிலுக்குத் திருப்பியதும் அவ்வூரில்தான். அந்த அமெரிக்கர் நமக்கு வைத்தியத்தைக் கொணர்ந்தனர், கல்வியைக் கொணர்ந்தனர், தங்கள் மெட்டுக்களையும் உடன் கொணர்ந்தனர். முதலிரண்டைப் பற்றி நமக்கு நன்றியன்றி வேறில்லை. மூன்றாவதைப் பற்றியே இங்கே சிறிது எழுத விரும்புகிறோம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் பாட்டு இருவகைப்படும். மேனாட்டு மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாட்டு ஒன்று. அதனைப் பாமாலை என்றும் ஞானப்பாட்டு என்றும் வழங்குவர். இராக தாளத்துடன் பல்லவி, அனுபல்லவி, சரணமாக நடப்பது கீர்த்தனை. ஆங்கிலச் செய்யுள் அழுத்தத்தைக் கொண்டு நடப்பது; தமிழோ மாத்திரையைக் கொண்டு நடப்பது. அயல் மெட்டின் அளவுக்குக் குறிலை நெடிலாக நீட்டினால் மலை மாலையாகிவிடும், பல் பாலாகிவிடும். எழுத்தறியாக் கிராமத்துப் பெண்மணி மொழிபெயர்ப்புப் பாட்டில் தடுமாறி, கீர்த்தனையை மட்டும் பிழையின்றிப் பாடுவதன் காரணம் இதுவே என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வழக்கு இன்று நேற்றுத் தொடுக்கப்பட்டதன்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), சுவார்ட்ஸ் பாதிரியாரால் வளர்க்கப்பெற்றவர். சரபோஜி மன்னரின் சபையில் கவியாக விளங்கியவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றியவர். புதிதாக வந்த மிஷனரிமார் தமிழ்ப் பாட்டை ஆராதனையினின்று விலக்க முற்பட்டபோது, 1829-ஆம் ஆண்டையொட்டி அவர் எழுத்து மூலம் முறையிட்டார். அவர் கூறிய கொடுமைகள் நான்கு: வேத மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதி வேற்றுமையை ஒழிக்கக் கட்டாயப்படுத்தியது, பண்டிகைகளில் மலரைத் தடுத்தது, தமிழ் இசையை நீக்கியது. சங்கீதத்தைப் பற்றிய பிராதில் நியாயம் முழுவதும் சாஸ்திரியார் பக்கமே. காலமும் அவருக்கே தீர்ப்பளித்தது. 1853-இல் எட்வர்டு வெப் என்னும் அமெரிக்கப் பாதிரியார் வெளியிட்ட கீர்த்தனைத் திரட்டில் சாஸ்திரியாரின் பாட்டுக்கள் பல இடம்பெற்றன. தமிழிசைச் சங்கம் 1943-இல்தான் சென்னையில் தோன்றிற்று. அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே எளிய கிறிஸ்தவர் கையில் தமிழ்க் கீர்த்தனைப் புத்தகம் இருந்ததென்பதைச் சங்கீத வித்வான்கள் நினைவிற் கொள்வார்களாக.

ஆயின் சாதியைப் பற்றிய பிராதை நாம் ஒருபோதும் ஏற்க இயலாது. ஒரே மனுவில் இரண்டையும் பிணைத்ததால் சாஸ்திரியாரின் நல்ல வழக்கும் பழுதுபட்டது. தமிழ்ப் பண்பாடு என்ற பெயரால் சாதியையும் காக்க முனைவோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். சாதி விஷயத்தில் லைப்சிக் மிஷனாருடன் மாறுபட்டுப் பிரிந்த கார்ல் ஓக்ஸ் பாதிரியார், பண்ணுருட்டிக்கு அணித்தான மேல்பட்டாம்பாக்கத்தில் 1860-களில் டேனிஷ் மிஷனின் பணியை நடத்தினார். அத்தகைய தென்னாற்காட்டில், அந்நாளைய விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த எறையூரில், 2008 மார்ச்சு மாதம் தலித் கிறிஸ்தவர் தமக்குத் தனிப் பங்கு வேண்டிய விவகாரம் கலவரமாக முற்றிப் போலீஸார் சுட்டதில் இருவர் மாண்டனர். ஒரே ஞானஸ்நானம் பெற்றவரிடையே இது நிகழ்ந்தது. ஹிந்துக்களாகிய நாம் இதைக் கண்டு ஏளனம் செய்ய யோக்கியதை அற்றவர்கள். நம் கோயில் வாயில்களின் கதை நமக்குத் தெரியும்.

இங்குதான் பாடகர் குழுவின் பெருமை நமக்குப் புலனாகிறது. மேனாட்டு முறையில் நான்கு குரல்கள் நான்கு வழியாகச் சென்று ஒருங்கே இசைகின்றன. கீழ்க்குரல் பாடுவோன் தன்னிச்சையாக மேலே தாவினால் பாட்டே கெட்டுவிடும். அயலானின் குரலுக்குச் செவி கொடுத்தே ஒவ்வொருவரும் பாடவேண்டும். தனி வித்வானின் மனோதர்மத்தையே கொண்டாடும் நமது சங்கீதத்தில் இப்பயிற்சி அரிது. ஆகையால் மேனாட்டு மெட்டுக்களை அறவே தள்ளிவிட வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். 1818-இல் ஆஸ்திரியாவில் ஒரு சிற்றூர்க் கோவிலில் முதன்முதல் பாடப்பட்ட ‘சைலண்ட் நைட்’ கீதம் உலகெங்கும் பரவியது அதன் எளிமையினாலன்றோ! நமது ஆக்ஷேபமெல்லாம், கமகம் அறியாத கீபோர்டும் அது தானே தட்டும் தாளமும் கீர்த்தனைகளை மெல்ல மெல்ல ஓரம் கட்டுவதைப் பற்றியதே. கத்தோலிக்கர் லத்தீனை விட்டுத் தமிழில் பூசை காண வழி பிறந்தது 1963-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் தீர்மானத்தால். அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த தமிழை, ஆங்கிலக் கேரல்களே நாகரிகம் என்று மயங்கும் இளைஞர் இழக்கலாமா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் குழு நடத்தும் அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் இரண்டு. நள்ளிரவு ஆராதனையில் பாடும் பாட்டுக்களிற் பாதியாவது கீர்த்தனையாக இருக்கட்டும். அதற்கு வயலினும் மிருதங்கமும் துணை நிற்கட்டும். மற்றது, பவனியின் வழியைப் பற்றியது. மாடி வீடுகள் நிறைந்த வீதியைச் சுற்றிவிட்டு, நேரம் மிஞ்சினால் மட்டும் காலனிக்குச் செல்லும் வழக்கம் எங்கேனும் இருப்பின், இவ்வாண்டு அதைத் தலைகீழாக்கிக் காலனியிலிருந்தே புறப்படலாம். அங்குள்ள குரல்களையும் குழுவிற் சேர்த்துக்கொண்டே மாடி வீதிக்கு வரலாம்.