களிமண்ணில் பதிந்த முகங்கள்

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் வட கடற்கரையில் ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை செழித்திருந்தது மோச்சே நாகரிகம். எழுத்து வழக்கம் இல்லாத அம்மக்கள் தம் வாழ்வைக் களிமண்ணில் பதித்துச் சென்றனர்.

குயவர் சக்கரத்தை அவர்கள் அறியார். இரு பாதிகளாக அமைந்த அச்சுகளில் களிமண்ணை அழுத்தி இணைத்துக் கலம் வனைந்தனர். வெளிர்நிறப் பூச்சின் மீது செந்நிறக் கோடுகளால் வேட்டை, போர், சடங்கு ஆகியவற்றைத் தீட்டினர். கலத்தின் மேல் வளைந்தெழும் இரு குழல்கள் ஒன்றுகூடி ஒரே வாயாக முடியும். ஆய்வாளர்கள் இதனை அங்கவடிக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். குதிரையையே கண்டிராத மக்களின் கலத்துக்கு இப்பெயர் வாய்த்தது வியப்பே!

முகவடிவக் கலங்கள் இன்னும் அரியவை. உதட்டில் தழும்புடைய ஒருவரின் முகத்தை, சிறுவயது முதல் வளர்ந்த பருவம் வரை, பல கலங்களில் ஆய்வாளர் கிறிஸ்டோபர் டொனன் அடையாளம் கண்டார்.

ஆயினும் கல்லறைக் கொள்ளையர் தோண்டி விற்ற கலங்கள் ஏராளம். 1987-இல் சிபானில், அவர்கள் கை படாத கல்லறை ஒன்றை வால்ட்டர் ஆல்வா முறையாக அகழ்ந்தார். கலங்களில் தீட்டப்பட்டிருந்த சடங்குத் தலைவனின் அணிகளே அங்குக் கிடைத்தன. ஓவியம் வெறுங்கற்பனையன்று என்பது அதனால் புலனாயிற்று.

மூலப்பத்திரம் இல்லாத மனைக்குக் கடன் வழங்க வங்கி தயங்கும். கிடைத்த இடம் அறியப்படாத கலமும் அத்தகையதே. அழகு எஞ்சும், சான்று எஞ்சாது. அருங்காட்சியகத்தில் ஒரு பழங்கலத்தைக் காணும்போது, அருகிலுள்ள குறிப்பையும் படியுங்கள்.