செவிக்குள் காற்று புகும் வழி

ஜலதோஷம் பிடித்த சில நாட்களில், நடுநிசியில் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டழும் குழந்தைக்கு மருந்து கொடுத்துக் குணமாக்கி, அப்பாடா என்று பெருமூச்சு விட்ட சில வாரங்களிலேயே அதே உபாதை மீண்டும் தலைதூக்குவது பல வீடுகளில் கண்ட அனுபவம். ஆயினும் வலிக்கும் இடம் காதாக இருந்தாலும், வியாதியின் மூலகாரணம் பெரும்பாலும் மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் மெல்லிய குழல் ஒன்றில் இருக்கிறது என்பதைப் பெற்றோரில் பலர் அறியார்.

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய வைத்தியர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி விவரித்தமையால் அவர் பெயரையே தாங்கி நிற்கும் அந்தக் குழல், நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணநேரம் திறந்து, செவிப்பறைக்கு உட்புறம் காற்றை அனுப்புகிறது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளத்தில் நன்கு சரிந்து இறங்கும் இக்குழல், சிசுக்களுக்கோ அதில் பாதி நீளமே கொண்டு கிட்டத்தட்டப் படுக்கையாகக் கிடப்பதால், மூக்கிலுள்ள கிருமிகள் சிரமமின்றி மேலேறிவிடுகின்றன. சளியால் வீங்கிக் குழல் அடைபட்டால், உள்ளே அகப்பட்ட காற்றை நடுச்செவியின் உட்தோல் சிறிதுசிறிதாக உறிஞ்சிக்கொள்ள, அழுத்தம் குறைந்து, நீர் சுரந்து தேங்கி, கிருமிகளுக்கு வாசஸ்தலமாகிறது.

அடைபட்ட வழிக்குப் பதிலாகச் செவிப்பறையிலேயே துளையிடும் உபாயத்தை 1801ஆம் ஆண்டில் லண்டனின் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தவர் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ரணசிகிச்சை நிபுணர். ஆனால் துளை சீக்கிரமே மூடிக்கொண்டது. அதைத் திறந்தே வைக்க வியன்னாவின் ஆடம் பொலிட்சர் கெட்டி ரப்பரில் சிறு வளையம் செய்து பார்த்தும் முறை நிலைபெறவில்லை. 1954இல் அமெரிக்காவின் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் வினைல் குழாயைப் பொருத்திப் பலன் கண்ட பிறகே அது பரவியது.

இன்று குழந்தைக்குச் சிறிது நேரம் மயக்கம் கொடுத்து, நுண்ணோக்கியின் வழியே பார்த்துக்கொண்டே, செவிப்பறையின் முன்புறக் கீழ்ப்பகுதியில் சிறு கீறலிட்டு, தேங்கிய நீரை உறிஞ்சியெடுத்து, சுமார் ஒரு மில்லிமீட்டர் துவாரமுள்ள குழாயைச் செருகிவிடுகிறார்கள். கால் மணி நேரத்துக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களில், வளரும் தோலே குழாயை வெளித்தள்ள, துளையும் தானே ஆறிவிடுகிறது. சிலருக்கு இடையிடையே காது ஒழுகுவதுண்டு. அதற்குச் சொட்டு மருந்து போதும். அபூர்வமாகத் துளை மூடாமல் நிற்பதும் உண்டு.

சீழ் வடிவதற்கே குழாய் என்று எண்ணுவது பிழை. ஒரே துவாரமுள்ள டப்பாவிலிருந்து எண்ணெய் சரிவர வராதிருக்க, எதிர்ப்புறம் இன்னொரு துவாரம் இட்டதும் ஒழுகுவதுபோல, குழாய் வழியே காற்று புகுவதால்தான் உள்ளிருக்கும் நீர் இயற்கையான பாதையில் இறங்குகிறது. வயது ஏற ஏற இயற்கைக் குழல் நீண்டு சரிந்து தன் கடமையை ஏற்கும்வரை இது ஒரு பதிலாள் மட்டுமே.

ஆகவே பதிலாள் எல்லோருக்கும் அவசியமில்லை. மூன்று வயதுக்குட்பட்ட 250 குழந்தைகளை ஈராண்டுகள் கவனித்து, பிட்ஸ்பர்க் வைத்தியர்கள் முன்னின்று 2021இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குழாய் பொருத்தத் தீர்மானிக்கப்பட்டவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 1.48 முறையும், மருந்து மட்டும் என ஒதுக்கப்பட்டவர்களுக்கு 1.56 முறையும் தொற்று வந்தது, பேதம் சொற்பமே. ஆறு மாதத்தில் மூன்று முறையோ, ஓராண்டில் நான்கு முறையோ தொற்று வந்த குழந்தையாயினும், பரிசோதனையின்போது இரு காதுகளிலும் நீர் இல்லையெனில் குழாய் வேண்டாம் என்றே அமெரிக்க நிபுணர்களின் வழிகாட்டுநெறி கூறுகிறது. நீர் வடிந்துவிட்டது என்றால் இயற்கைக் குழல் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்! மாறாக, நீர் மூன்று மாதத்துக்கு மேல் நின்று, அழைத்தால் திரும்பாத அளவுக்குச் செவி மந்தமாகியிருந்தால், தயங்காமல் நிபுணரிடம் ஆலோசிப்பதே விவேகம்.