வைஃபை தெரிகிறது, இணையம் இல்லை: புதிய ரவுட்டரை நாமே அமைப்பது எப்படி?

இடி மின்னலோடு பெய்த மழைக்கு மறுநாள், பல வீடுகளில் ரவுட்டர் பழுதாகிவிடுகிறது. கடையில் புதியது வாங்கிப் பொருத்தினால் கைப்பேசியில் வைஃபை பெயர் தெரியும்; இணையம் மட்டும் வராது. பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. சேவை நிறுவனத்தின் விவரங்களை நாம் அதில் பதிவு செய்திருக்க மாட்டோம், அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் இரண்டைக் கவனியுங்கள். சுவரிலிருந்து மெல்லிய ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டிதான் மோடம். அதில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு ஃபைபர் இணைப்பில் உள்ளது. புதிய ரவுட்டர் வாங்கிப் பயனில்லை. மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக இருந்தாலும் நீங்களே மாற்ற வேண்டாம். இவ்விரு நிலைகளிலும் சேவை நிறுவனத்தை அழையுங்கள். யூனிஃபை வாடிக்கையாளர்களுக்கான எண் 100.

ரவுட்டர் தனியாக இருந்தால், அமைக்கும் முறை இதுதான்:

1. மோடத்தின் லேன் 1 துளையிலிருந்து வரும் கம்பியை, புதிய ரவுட்டரின் ‘வான்’ துளையில் செருகுங்கள். ஃபைபர் கம்பியைக் கழற்றவோ மடக்கவோ கூடாது.

2. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். அதைக் கொண்டு கைப்பேசியை இணைத்து, அதே தாளில் உள்ள முகவரியை உலாவியில் தட்டுங்கள். பெரும்பாலும் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1.

3. இணைப்பு வகையில் ‘பிபிபிஓஇ’ என்பதைத் தேர்ந்தெடுத்து, சேவை நிறுவனம் கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இடுங்கள். இது வைஃபை கடவுச்சொல் அல்ல. தொலைந்திருந்தால் நிறுவனத்திடமே கேட்டுப் பெறலாம்.

4. பலர் தவறவிடும் இடம் ‘வி-லேன்’ எண். யூனிஃபை இணையத்திற்கு அது 500. டிஎம் ஃபைபர் வழி வரும் மெக்சிஸ் சேவைக்கு 621. சில ரவுட்டர்களில் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தாலே எண் தானாகப் பதிவாகிவிடும்.

5. கடைசியாக, வைஃபை கடவுச்சொல்லையும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கைப்பேசி எண்ணையோ பிள்ளையின் பிறந்த நாளையோ வைக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. இணையம் மெதுவாக இருக்கிறதென்று, ஊசியால் குத்தும் ‘ரீசெட்’ துளையைத் தொடாதீர்கள். மேலே சொன்ன அத்தனை விவரங்களும் அழிந்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி, சிறிது நேரம் கழித்துப் போட்டாலே போதும்.

ஃபைபர் எட்டாத தோட்டப்புற வீடுகளுக்குச் சிம் அட்டை போடும் 4ஜி ரவுட்டர் உதவும். அதற்குப் பிபிபிஓஇ, வி-லேன் எதுவும் தேவையில்லை. அலை நன்றாகக் கிடைக்கும் சன்னலோரம் வையுங்கள். நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டதால், பழைய 3ஜி கருவிகளை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

பயனர் பெயர், கடவுச்சொல், வி-லேன் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மின்கட்டண ரசீதுகளோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை மின்னல் தாக்கினால், பிள்ளையின் இணைய வகுப்பு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.