நாட்டுத் துப்பாக்கி, அவுட்டுக்காய், ஜெலட்டின் குச்சி: விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய தண்டனைகள்

மரவள்ளியோ மக்காச்சோளமோ போட்டிருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்ட விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்வராயன்மலையிலும் அடிவாரத்திலும் காவலுக்கென்று நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்து சிக்குபவர்கள் போலீசாரிடம் சொல்வதும் 'பன்றி விரட்டத்தான் வைத்திருந்தேன்' என்பதுதான். ஆனால் சட்டம் முதலில் கேட்பது, உரிமம் இருக்கிறதா என்பதை மட்டுமே.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே குற்றம். சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை. தோட்டா மட்டும் இருந்தாலும் இதே பிரிவுதான். முன்பு 1 முதல் 3 ஆண்டு வரை இருந்த சிறைத்தண்டனை, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு, அபராதம் என்று கூடிவிட்டது. உரிமமின்றித் துப்பாக்கி செய்பவர், விற்பவர், பட்டறையில் பழுது பார்த்துக் கொடுப்பவர் ஆகியோருக்குக் குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் வரையிலும் போகலாம்.

'தாத்தா காலத்துத் துப்பாக்கி, உரிமம் இருந்தது' என்பதும் செல்லாது. உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டாலோ, உரிமம் காலாவதியானாலோ, தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி உரிமம் பெற வழியே இல்லையா? இருக்கிறது. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் தரலாம் என்று அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை பெற்றுத்தான் முடிவு செய்வார்கள். எளிதில் கிடைக்கும் என்று நம்பிவிட வேண்டாம். கிடைத்தாலும் அது பன்றியைச் சுட அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவது வனத்துறையினரின் வேலை. விவசாயியின் வேலை அல்ல. 'அரசே சுடச் சொல்லிவிட்டது' என்ற பேச்சை நம்பி இறங்கினால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

அவுட்டுக்காய் இதைவிட மோசம். பன்றிக்கு வைத்ததை மேய்ச்சலுக்குப் போன பசுவும் கடிக்கும். எடுத்துப் பார்க்கும் பிள்ளையின் கையும் போகும். 2020 மே மாதம் பாலக்காட்டில் இப்படி வாய் சிதறிய கருவுற்ற யானை, ஆற்றில் நின்றபடியே செத்தது. 1908ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டப்படி, சட்டப்பூர்வ நோக்கமின்றி வெடிபொருள் செய்தாலோ வைத்திருந்தாலோ 10 ஆண்டு வரை சிறை. உயிருக்கோ சொத்துக்கோ கேடு செய்யும் நோக்கம் நிரூபணமானால் ஆயுள் தண்டனையும் உண்டு.

கிணறு வெட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பாறைக்கு வெடி வைக்க உரிமம் பெற்றவரையே அழைக்க வேண்டும். மிச்சமான ஜெலட்டின் குச்சியையும் டெட்டனேட்டரையும் 'அடுத்த மாதம் ஆகும்' என்று மோட்டார் அறையில் போட்டு வைத்தால், மாட்டுவது நிலத்துக்காரர்தான்.

இப்போது கையில் உரிமமில்லாத துப்பாக்கி இருந்தால் என்ன செய்வது? மலைப்பகுதி மாவட்டங்களில், தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீசார் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். அப்படி அறிவிப்பு வரும்போது காலக்கெடுவுக்குள் கொடுத்துவிடுவதே நல்லது. கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். அறிவிப்பு இல்லாத நேரத்தில், முதலில் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு போவது பாதுகாப்பு. மலையாளி உள்ளிட்ட பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.